குறை சொல்லும் கண்களைத் தேடுங்கள்!



வேலை தேடி அலையும் பிள்ளை ஒருவரேனும் இல்லாத இல்லம் நம் தெருக்களில் அரிது. அப்பிள்ளைகளுள் பலர் இப்போது கிராஃபிக் டிசைன் எனப்படும் வரைகலை வடிவமைப்பைக் கற்று வருகின்றனர். நிக்காஹ் அழைப்பிதழ், கடையின் பெயர்ப்பலகை, நோன்பு கால நேர அட்டவணை, பிஸ்கட் பொட்டலத்தின் மேலுறை என நாம் அன்றாடம் கையில் எடுக்கும் எதுவும் ஒரு வடிவமைப்பாளரின் கை படாமல் வருவதில்லை. எனவே இது மதிப்புள்ள தொழில்தான், ஐயமில்லை.

இத்தொழிலில் வேலை கேட்டுச் செல்பவரிடம் சான்றிதழைக் காட்டிலும் முதன்மையாகக் கேட்கப்படுவது ‘போர்ட்ஃபோலியோ’. தாம் செய்த வடிவமைப்புகளுள் சிறந்தவற்றைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி வைத்திருக்கும் படைப்புத் தொகுப்பையே அவ்வாறு அழைக்கின்றனர். அத்தொகுப்பை வேலை தருபவரிடம் காட்டும் முன் யாரிடம் காட்டுவது? என்ன கேட்பது? இதனை எவரும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவதில்லை. ஒரு மாணவரின் வழியாக நான் அறிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

அஸருக்குப் பின் வந்த மாணவர்

சிறுவயதில் என்னிடம் மக்தபில் ஓதிய தம்பி அவர். கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றில் ஓராண்டு வடிவமைப்புப் பயின்று, சென்னையில் ஏழு இடங்களில் நேர்காணலுக்குச் சென்று வந்தவர். ஏழு இடங்களிலும் ஒரே விடை: ‘பார்த்துச் சொல்கிறோம்.’ எவரும் சொல்லவில்லை. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் மடிக்கணினியுடன் மதரஸாவுக்கு வந்தார்.

“ஹஜ்ரத், என் வேலையில் குறை இருக்கிறதா, என் நசீபில் குறை இருக்கிறதா என்றே தெரியவில்லை. நீங்கள் கொஞ்சம் பாருங்கள்” என்றார்.

நான் கலைப் பாடத்தில் பட்டம் பெற்றவன், வடிவமைப்பு அறியாதவன். ஆயினும் அவர் மனம் நோகாதிருக்கப் பார்த்தேன். மொத்தம் 42 படைப்புகள். மூன்றாவதாக வந்தது ரமளான் வாழ்த்துச் சுவரொட்டி. பிறையும் விளக்கும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் ‘ரமளான் முபாரக்’ என்ற அரபிச் சொற்களின் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே நின்றன. வலமிருந்து இடமாகச் செல்ல வேண்டியவை இடமிருந்து வலமாகத் திரும்பியிருந்தன.

“தம்பி, இதனை ஒருமுறை ஓதிக் காட்டுங்கள்” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “படித்தே பார்க்கவில்லை ஹஜ்ரத். பின்னணி நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்” என்றார். குர்ஆனைத் தடையின்றி ஓதக்கூடிய பிள்ளை அவர்! தன் வேலையைத் தானே பலமுறை பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குறை தெரிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

காரணத்தை அவரே பின்னர் விளக்கினார். அரபி எழுத்து, சொல்லில் தான் நிற்கும் இடத்திற்கேற்ப உருமாறுவது. வடிவமைப்பு மென்பொருளில் அதற்குரிய எழுத்தமைப்பு முறையைத் தேர்ந்தெடுக்காவிடில் எழுத்துகள் இவ்வாறு சிதறிவிடும். தமிழிலும் இதே விபத்து உண்டு. ‘கொ’ என்பதில் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் பிரிந்து நிற்பதைச் சுவரொட்டிகளில் நாம் கண்டிருக்கிறோம்.

“இதை யாருக்கெல்லாம் காட்டினீர்கள்?” என்று கேட்டேன். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இட்டாராம். ‘மாஷா அல்லாஹ், அருமை’ என்று அறுபது பேர் எழுதினார்களாம். அறுபது பேரின் அன்பு கிடைத்தது; ஒருவரின் கண்ணும் கிடைக்கவில்லை.

திருத்துபவர் இல்லாத கல்வி

நாடறிந்த வடிவமைப்புக் கல்லூரிகளில் ‘ஜூரி’ என்றொரு முறை உண்டு. மாணவர் தம் படைப்பை ஆசிரியர்கள் முன் வைத்து, ஏன் இவ்வாறு செய்தார் என்று விளக்க வேண்டும். அவர்கள் கேள்வி கேட்டுக் குறைநிறைகளைச் சொல்வர். அகமதாபாத்தில் 1961 இல் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம் போன்ற இடங்களில் பயில்வோர்க்கு இப்பயிற்சி படிக்கும் காலத்திலேயே வாய்த்துவிடுகிறது. தெருமுனைப் பயிற்சி நிலையத்திலும் வீட்டில் இருந்தபடியே காணொளிகளிலும் கற்கும் பிள்ளைக்கு அது வாய்ப்பதில்லை. மென்பொருளின் பொத்தான்களை அவரும் அறிவார். திருத்தும் ஆசிரியரைத்தான் அறியார். ஏழைப் பிள்ளை பின்தங்கும் இடம் இதுவே. அந்த ஜூரியை அவர் தாமே தேடி அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது நமக்குப் புதிய செய்தியன்று. உஸ்தாத் முன் அமர்ந்து சபக் ஒப்புவிக்காமல் எவரும் ஹாஃபிழ் ஆனதுண்டா? பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா, அரபி எழுத்தின் அளவுகளைப் பேனா முனையின் புள்ளியைக் கொண்டு வகுத்த பெருமைக்குரியவர். அவர் 940 இல் மறைந்த பின்னரும் எழுத்தணிக் கலை தலைமுறை தலைமுறையாக ஆசிரியரின் திருத்தத்தாலேயே வளர்ந்தது. உதுமானியர் காலத்து இஸ்தான்பூலில், காரியத்தை எளிதாக்குமாறு இறைவனை வேண்டும் ஒரு துஆவை எழுதிப் பழகுவதே மாணவரின் முதற்பாடம். மாணவர் எழுதிக் கொணர்வதைப் பார்த்து ஆசிரியர் பிழைகளைத் திருத்திக் காட்டுவார். மாணவர் மீண்டும் எழுதி வருவார். ஆண்டுகள் பல கடந்து இஜாஸா பெற்ற பின்னரே தம் படைப்பில் தம் பெயரைக் கையொப்பமிடும் உரிமை அவருக்குக் கிடைக்கும். குறை கேட்பது அவமானம் அன்று. அது கலைக்குள் நுழையும் வாயில் என்று அறிந்திருந்தனர் அப்பெருமக்கள்.

யாரிடம் காட்டுவது?

எனக்குத் தெரிந்தது எழுத்துப் பிழை மட்டுமே. ஆகவே அத்தம்பியை வேறு மூவரிடம் அனுப்பினேன்.

முதலாமவர், எங்கள் ஊர் அச்சக உரிமையாளர். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் நிறம் தருகிறது. திரையில் மின்னும் பச்சை தாளில் மங்கிவிடும். தம்பியின் அழைப்பிதழில் பொடி எழுத்துகள் நான்கு மையும் கலந்த கறுப்பில் இருந்தன. ஒரு மை இம்மி விலகினாலும் எழுத்தின் ஓரம் நிழலாடும் என்றும், பொடி எழுத்துக்குத் தனிக் கறுப்பே போதும் என்றும் அவர் சொன்னார். வெட்டும் ஓரத்திற்கு வெளியே 3 மில்லிமீட்டர் நிறம் நீண்டிருக்க வேண்டும்; அதுவும் விடுபட்டிருந்தது.

இரண்டாமவர், பல்லாண்டு அனுபவம் பெற்ற ஒரு வடிவமைப்பாளர். அவர் ஒரே கேள்வி கேட்டார்: “நீங்கள் எந்த வேலைக்கு வருகிறீர்கள்?” தொகுப்பில் இலச்சினையும் இருந்தது, திருமண அட்டையும் இருந்தது, திரைப்பட நடிகர்களின் படங்களை ஒட்டிச் செய்த பயிற்சியும் இருந்தது. பார்ப்பவர்க்கு இவர் யார் என்று விளங்கவில்லை. 42 இல் 10 மட்டும் போதும் என்றார் அவர். சிறந்ததை முதலில் வைக்கவும், ஒவ்வொன்றின் கீழும் யாருக்காக, எந்தச் சிக்கலைத் தீர்க்க, எவ்வாறு செய்தார் என இரண்டு மூன்று வரிகள் எழுதவும் சொன்னார். முதலில் கையால் வரைந்த மாதிரிகளையும் ஓரிரண்டு சேர்க்கச் சொன்னார். ஒருவரின் சிந்தனை தெரிவது அவற்றில்தான் என்பது அவர் கருத்து.

மூன்றாமவர் யார் தெரியுமா? அத்தம்பியின் உம்மா! நிக்காஹ் அழைப்பிதழை அவரிடம் கொடுத்து, “எந்த நாள், எந்த மஹால் என்று சொல்லுங்கள்” எனக் கேட்கச் சொன்னேன். அந்த அம்மையார் அட்டையை விளக்கின் அருகே கொண்டுபோய், தூர நிறுத்தி, பின் கிட்ட நிறுத்தி, “பூவெல்லாம் நல்லா இருக்குது வாப்பா, தேதிதான் கண்ணுக்குத் தெரியல” என்றாராம். வெளிர்நிறத் தாளில் பொன்னிற எழுத்து! அழைப்பிதழ் நாளையும் இடத்தையும் சொல்வதற்கன்றோ?

தொழில் அறிந்தவர், செய்முறை அறிந்தவர், மொழி அறிந்தவர், பயன்படுத்தப் போகிறவர் என்ற இந்நால்வரும் சேர்ந்ததே நாம் அமைக்கக்கூடிய ஜூரி.

எவ்வாறு கேட்பது?

“எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்பதே விடையாக வரும். கேள்வி குறிப்பாக இருப்பின் விடையும் குறிப்பாக வரும்.

“இவற்றுள் ஒன்றை நீக்க வேண்டுமாயின் எதை நீக்குவீர்கள்?” என்று கேளுங்கள். “அரை நிமிடம் பாருங்கள், மூடிய பின் எது நினைவில் நிற்கிறது?” என்று கேளுங்கள். “இதனைப் பார்த்தால் நான் எந்த வேலைக்குத் தகுதி உள்ளவன் என்று தோன்றுகிறது?” என்று கேளுங்கள். பெரியவர்களின் நேரம் அமானிதம். முன்கூட்டியே அனுமதி பெற்று, மூன்று கேள்விகளுக்கு மேற்படாமல் கேளுங்கள். வேலை மறுத்த நிறுவனத்திற்கும் நன்றி கூறி, “எதனை மேம்படுத்தலாம்?” என ஒரே கேள்வியை எழுதுங்கள். பலர் விடை தரமாட்டார்கள். ஒருவர் தந்தாலும் அது பெரும் பேறு.

குறை சொல்லப்படும்போது வாதிடாதீர்கள். “அது ஏனென்றால்...” என்று தொடங்கிய உடனே எதிரிலிருப்பவர் வாயை மூடிக்கொள்வார். எழுதிக்கொள்ளுங்கள், ஓரிரவு கழித்துப் படியுங்கள். “எனக்கு நீலம் பிடிக்காது” என்பது சுவை. “தேதி தெரியவில்லை” என்பது குறை. சுவையைக் கேட்டுக்கொள்ளுங்கள்; குறையைத் திருத்துங்கள். ஒன்றையே இருவர் தனித்தனியே சொன்னால் தயங்காமல் மாற்றுங்கள்.

இல்லத்திலிருந்தே இத்தொழில் செய்ய விரும்பும் நம் சகோதரிகளுக்கு இது இன்னும் கடினம். அச்சகத்திற்கும் அலுவலகத்திற்கும் சென்று கேட்கும் வாய்ப்பு பலருக்கு இல்லை. அவர்கள் தொகுப்பைத் தந்தையோ சகோதரரோ அச்சகத்திற்கு எடுத்துச் சென்று, உரிமையாளருடன் தொலைபேசியில் பேச வழி செய்யலாமே!

தொகுப்பும் ஓர் அமானிதம்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆயத்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றியதையும், செயற்கை நுண்ணறிவுக் கருவி வரைந்த படத்தையும், மூவர் சேர்ந்து செய்த பணியையும் ‘நான் செய்தது’ என்று வைப்பது முறையன்று. எந்தப் பகுதி உங்களுடையது என்று எழுதிவிடுங்கள். மறைத்துப் பெற்ற வேலை முதல் வாரத்திலேயே வெளுத்துவிடும்.

கருத்துக் கேட்கப்படுபவர்க்கும் கடமை உண்டு. முகத்துக்காகப் புகழ்வது இரக்கமன்று. பலர் முன்னிலையில் இகழ்வது அறிவுரையுமன்று. தனிமையில், நிறையை முதலில் சொல்லி, குறையை இடம் சுட்டிச் சொல்லுங்கள். ஒரு முஃமின் மற்றொரு முஃமினுக்குக் கண்ணாடி என்று நாம் கேட்டிருக்கிறோமே! கண்ணாடி, முன்னே நிற்பவரிடம் மட்டுமே அவர் முகத்துக் கறையைக் காட்டும்; ஊரெங்கும் சொல்லித் திரியாது.

அத்தம்பி ஆறு வாரம் உழைத்துத் தொகுப்பைப் புதிதாக்கினார். ரமளான் சுவரொட்டியை நீக்கவில்லை; திருத்தி, பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, பிழை எவ்வாறு நேர்ந்தது என்று இரண்டு வரி எழுதினார். ஒன்பதாவது நேர்காணலில் அதிகாரி நெடுநேரம் நின்று பார்த்தது அந்தப் பக்கத்தைத்தானாம். உணவுப் பொருள்களுக்கு மேலுறை வடிவமைக்கும் அந்நிறுவனத்தில் மூன்று மாதப் பயிற்சிப் பணி கிடைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அது நிலைக்குமா என்பது இனி அவர் உழைப்பையும் இறைவன் நாட்டத்தையும் பொறுத்தது.

பெற்றோரே! இன்றிரவு உங்கள் பிள்ளை தன் வேலையைக் காட்ட வந்தால், “மாஷா அல்லாஹ்” என்று சொல்லுங்கள். அத்துடன் நிறுத்திவிடாமல், மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தும் பாருங்கள்.