கேள்வி ஓர் இடம், பதில் வேறிடம்!

என் மாமா அமெரிக்காவில் இருக்கிறார். அடுத்த தெருவில் தீப்பிடித்த அன்று, தீயணைப்பு வீரர்கள் பேசுவதை ஸ்கேனரில் கேட்டார். "உள்ளே யாராவது இருக்காங்களா?" என்ற கேள்வி வந்தது. பதில் வரலை, குப்பை வண்டிக்காரர் பேசினார்! ஏன்?

நம்ம ஸ்கூலை நினைச்சுப் பாருங்க. 5 அறை, 20 குழு. ஒவ்வொரு முறை பேசும்போதும் காலியான அறைக்குப் போகணும். "12-ஆம் குழு, 3-ஆம் அறை" என்று வாசலில் ஒருவர் அறிவிப்பார். அறைதான் அலைவரிசை. குழுதான் டாக்குரூப். வாசலில் நிற்பவர் கட்டுப்பாட்டுச் சேனல். இந்த முறைக்குப் பெயர் டிரங்கிங். குறைந்த அலைவரிசையில் நிறையப் பேர் பேசலாம்.

மாமா அறைகளை மட்டுமே பதிந்திருந்தார். பிறகு கட்டுப்பாட்டுச் சேனலையும் தீயணைப்புக் குழுவின் எண்ணையும் பதிந்தார். குழு எங்கே தாவினாலும் ஸ்கேனரும் கூடவே தாவியது. மறையாக்கம் செய்த பேச்சு மட்டும் கேட்காது.

இப்போ மாமாவுக்குக் கேள்வியும் கேட்குது, பதிலும் கேட்குது!