பூட்டிக்கொள்ளும் கணக்குக் கோப்பு



முன்பெல்லாம் தோட்டத்துச் சங்கக் கணக்கு ஒரு தடித்த நீளப் புத்தகத்தில் இருந்தது. ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருப்பார். புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஆகவே ஐயத்திற்கு இடமில்லை. இன்று மரண சகாய நிதி, கோயில் திருவிழா வரவு செலவு போன்றவற்றைப் பல இடங்களில் படித்த பிள்ளைகள் கணினியில் எக்செல் கோப்பாக எழுதி வைக்கிறார்கள். இந்தக் கோப்பு சில சமயம் தானே பூட்டிக்கொள்கிறது. அது ஏன் என்பதை இன்று பார்ப்போம்.

ஒரு சங்க அறையில் இரண்டு கணினிகள் இணைக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாலையில் பொருளாளர் சந்தாவைப் பதிய உட்காருகிறார். கோப்பைத் திறந்தால், ‘லாக்ட் ஃபார் எடிட்டிங்’ என்ற அறிவிப்பு வருகிறது. திருத்த முடியாதபடி பூட்டப்பட்டுள்ளது என்பது இதன் பொருள். அதனுடன் செயலாளரின் பெயரும் தெரிகிறது. மறுநாளும் அப்படியே. “கணக்கைக் காட்டாமல் பூட்டி வைத்துவிட்டார்” என்று பேச்சு கிளம்புகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டில் சாவு. அவர்கள் சந்தாவைச் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்தால்தான் பணம் கொடுக்க முடியும். இப்போது என்ன செய்வது?

முதலில் பதற்றம் வேண்டாம். அந்த அறிவிப்பிலேயே ‘ரீட் ஒன்லி’ என்னும் வழி இருக்கிறது. அதை அழுத்தினால் கோப்பைப் படித்துப் பார்க்கலாம். கடைசியாகச் சேமித்த கணக்கு அதில் தெரியும். ஆகவே அந்த வீட்டாரைக் காக்க வைக்கத் தேவையில்லை. புதிதாக எழுதுவதற்குத்தான் பொறுத்திருக்க வேண்டும்.

பூட்டு எப்படி விழுகிறது? ஒருவர் கோப்பைத் திறந்தவுடன், ‘இது என்னிடம் இருக்கிறது’ என்று கணினி குறித்துக்கொள்கிறது. அதே இடத்தில் ஒரு சிறிய மறைகோப்பும் உண்டாகிறது. அலைக்கோடும் டாலர் குறியும் முன்னால் நிற்க, கோப்பின் பெயர் பின்னால் வரும். திறந்தவரின் பெயர் அதற்குள் இருக்கும். கோப்பை மூடியதும் அது தானே மறைந்துவிடும். இருவர் ஒரே நேரத்தில் எழுதி, ஒருவர் பதிந்ததை மற்றவர் அழித்துவிடக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு.

இனி, அதில் தெரியும் பெயரைக் கொண்டு யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. அது அந்தக் கணினியின் எக்செல்லில் பதிந்த பெயர் மட்டுமே. பழைய கணினியை வாங்கியிருந்தால் முன்பு வைத்திருந்தவரின் பெயர்கூட வரலாம்.

காரணத்தை இந்த வரிசையில் தேடலாம். முதலாவது, அடுத்த கணினியில் கோப்பு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திரையை அணைத்துவிட்டு எழுந்து போனால் கோப்பு மூடியதாகாது. தினமும் பூட்டு விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இரண்டாவது, எக்செல் மூடியது போலத் தோன்றினாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். மற்ற வேலைகளைச் சேமித்துவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அங்கே எக்செல்லைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கோப்பைத் திறக்காமலே பக்கத்தில் காட்டும் முன்னோட்டப் பகுதியும் அதைப் பிடித்து வைக்கலாம். ஆல்ட் விசையுடன் பி எழுத்தை அழுத்தினால் அது மறையும்.

நான்காவது, மின்சாரம் திடீரென்று நின்றுபோனால் சிறிய மறைகோப்பு அழியாமல் தங்கிவிடுவதுண்டு. யாரிடமும் கோப்பு திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே அதை அழிக்க வேண்டும். அலைக்கோடு உள்ளதைத்தான் அழிக்க வேண்டும். தவறி மூலக் கணக்கை அழித்துவிடாதீர்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பொறுமையிழந்து வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து அதில் எழுதத் தொடங்காதீர்கள். அன்றிலிருந்து சங்கத்திற்கு இரண்டு கணக்குகள் ஆகிவிடும். ஒன்றில் கட்டியதாக இருக்கும் சந்தா மற்றதில் இராது. பூட்டினால் ஒரு நாள்தான் தாமதம். இரட்டைக் கணக்கு வந்தாலோ, உழைத்துக் கட்டிய பணம் வழக்காகிவிடும். அவசரமானால், வாங்கிய தொகையைக் காகிதத்தில் குறித்து, ரசீது கொடுத்து, பூட்டுத் திறந்ததும் பதியலாம்.

இருவரும் ஒரே நேரத்தில் எழுதத்தான் வேண்டுமென்றால், கோப்பை ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் வைத்துப் புதிய எக்செல்லில் திறக்கலாம். 2007-ஆம் ஆண்டு முதல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகைக் கோப்புக்கு அந்த வசதி உண்டு. பழைய எக்ஸ்எல்எஸ் வகைக்கு இல்லை.

எது எப்படியாயினும், எழுந்திருக்கும் முன் கோப்பைச் சேமித்து மூடுவதைப் பழக்கமாக்குவோம். மாதந்தோறும் கணக்கை அச்சிட்டு மன்றச் சுவரில் ஒட்டுவோம். எல்லாரும் பார்க்கும் கணக்கில் பூட்டு விழுந்தாலும் சந்தேகம் விழாது.