நெய்வேலி முதல் நெடுவாசல் வரை: நிலம் கொடுத்தவருக்கு என்ன பங்கு?

2023 ஜூலை 26 அன்று கடலூர் மாவட்டம் மேல்வளையமாதேவியில், நடவு முடிந்து பசேலென்று வளர்ந்து நின்ற நெல் வயல்களுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் (என்.எல்.சி.) சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் தோண்டும் வேலை அது. இந்த நிலங்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திவிட்டோம் என்றது நிறுவனம். உரிய இழப்பீடும் வேலையும் வராமல் நிலத்தை எப்படி விடுவது என்று கேட்டார்கள் விவசாயிகள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயிர் அழிக்கப்பட்டதற்கு நீதிபதியே வேதனை தெரிவித்தார். ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தர உத்தரவானது.

அந்த இழப்பீட்டோடு முடிகிற பிரச்சினை இல்லை இது. மண்ணுக்கு அடியில் கிடக்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் நாட்டுக்குத் தேவை. மண்ணுக்கு மேலே வீடும் வயலும் கிணறும் வைத்திருப்பவருக்கு அந்த மண் தேவை. எடுப்பதால் வரும் வரவு எங்கே போகிறது, அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் நெய்வேலியும் நெடுவாசலும் ஏன் கொதித்தன என்பது புரியும்.

கிணற்றில் கிடைத்த கரி

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி என்று பின்னர் உறுதியானது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது.

நிலக்கரி வயல்கள் அரிதான தென்னிந்தியாவுக்கு இது பெரிய வரம். தமிழ்நாட்டோடு கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரிக்கும் நெய்வேலியிலிருந்து மின்சாரம் போகிறது. சுரங்கத்தை ஒட்டி அகலமான சாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனையுமாக ஒரு நகரியம் எழுந்தது. நிரந்தர வேலை கிடைத்த குடும்பங்களில் அடுத்த தலைமுறை பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆனது. இந்த நன்மைகளைச் சொல்லாமல் நெய்வேலியைப் பேசுவது நேர்மை ஆகாது.

ஆனால் நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். எனவே சுரங்கம் ஒரே இடத்தில் நிற்காது. நிலக்கரிப் படுகை போகும் திசையில் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு சிக்கல் தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் அடைபட்டிருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு தண்ணீர் பொங்கிவிடும். அதனால் இரவு பகல் பாராமல் மோட்டார்கள் ஓடுகின்றன. இறைக்கும் நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும், ஒரு பகுதி ஏரிகளுக்கும் பாசனத்துக்கும் போகிறது என்பது உண்மை. ஆனால், ஒரு காலத்தில் குழாயை இறக்கினாலே மோட்டார் இல்லாமல் நீர் பொங்கி வந்த இந்தப் பகுதியில், சுற்றுவட்டார விவசாயிகள் இன்று பல மடங்கு ஆழத்துக்கு போர்வெல் போட வேண்டியிருக்கிறது. இந்தச் செலவு எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் வருவதில்லை. நிலம் பறிபோனவருக்கு ஏதோ ஒரு தொகை கிடைக்கும். நிலம் கைவசம் இருந்தும் நீர் பறிபோனவருக்கு எதுவும் கிடையாது.

வேலை என்ற வாக்குறுதி

நிலமும் வீடும் கொடுத்தவர்களுக்கு முதலில் சொல்லப்பட்டது வேலை. தொடக்க காலத்தில் பலருக்கு அது கிடைத்தது. பிறகு இயந்திரங்கள் பெரிதாகின. நிரந்தரப் பணியிடங்கள் சுருங்கின. ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய வேலைநிறுத்தங்கள் பல. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. ஒரே கொதிகலன் முன் நின்று உழைக்கும் இருவருக்கு ஊதியமும் பாதுகாப்பும் வேறு வேறாக இருப்பதுதான் இந்தத் தொழிலின் ஆறாத புண்.

சொல்லப்படாத இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பட்டா வைத்திருப்பவரைத் தேடித்தான் இழப்பீடு வருகிறது. அந்த வயலில் குத்தகைக்கு உழுதவரும், நாற்று நட்ட பெண்களும், ஊர் மாடு மேய்த்தவரும் தங்கள் பிழைப்பை இழந்ததற்குப் பட்டாவில் சாட்சி இல்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கருதுகிறது. அந்தப் பிரிவு எவ்வளவு உண்மையாகச் செயல்படுகிறது என்பதில்தான் நிலமில்லாதவர்களின் வாழ்வு இருக்கிறது.

டெல்டாவின் கதை

காவிரிப் படுகையில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. 1960களிலேயே துளையிடத் தொடங்கியது. 1980களில் நரிமணம், கோயில்களப்பால் பகுதிகளில் எண்ணெய் கிடைத்தது. நாகப்பட்டினத்துக்கு அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. ஆகவே உள்நாட்டில் கிடைக்கும் ஒவ்வொரு பீப்பாயும் அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தும் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

பல ஆண்டுகள் பெரிய சலசலப்பில்லாமல் இருந்த டெல்டாவை உலுக்கியது மீத்தேன் திட்டம். தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கத் திட்டமிட்டார்கள். அந்த வாயுவை வெளியே கொண்டுவர முதலில் படுகையில் உள்ள நீரை இறைத்தாக வேண்டும். ஆற்றுநீர் பொய்க்கும் ஆண்டுகளில் நிலத்தடி நீரை நம்பியிருக்கும் விவசாயிக்கு இதைவிட அச்சம் தரும் செய்தி கிடையாது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதை விளக்கினார். அந்தப் பிரசாரத்தின் நடுவே, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கத்தில் காலமானார். 2015இல் தமிழ்நாடு அரசு அத்திட்டத்துக்குத் தடை விதித்தது.

2017 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த சிறு எண்ணெய் வயல்களின் பட்டியலில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலும் இருந்தது. மறுநாளே ஊர் திரண்டது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது. கேள்வி கேட்டவர்கள் கைதானார்கள். இந்தப் போராட்டங்களின் பலன்தான் 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம். எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு எடுக்கும் புதிய திட்டங்களுக்கு டெல்டாவில் இடமில்லை என்கிறது அது. ஏற்கெனவே நடக்கும் திட்டங்களை அச்சட்டம் தொடவில்லை; ஆகவே பழைய கிணறுகளும் குழாய்களும் அப்படியே இருக்கின்றன.

2023 மார்ச் இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பகுதிகள் இடம்பெற்றன. கடும் எதிர்ப்புக்குப் பின் சில நாட்களிலேயே அவை நீக்கப்பட்டன. சட்டம் இருந்தும் பட்டியலில் ஊர்ப் பெயர் வருகிறது, மக்கள் எழுந்த பிறகே போகிறது என்றால், முடிவு எடுப்பவர்களுக்கும் ஊருக்கும் இடையே பேச்சே இல்லை என்றுதான் பொருள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

எண்ணெய் வயல்கள் அரசமைப்பின்படி மத்தியப் பட்டியலில் உள்ளன. கனிமங்களின் மீதும் நாடாளுமன்றத்துக்கே மேலதிக்கம். நிலமும் வேளாண்மையும் மாநிலத்தின் பொறுப்பு. ஊராட்சிக்கு இதில் முடிவெடுக்கும் இடம் எங்குமே இல்லை.

நிலம் எடுப்பதில் இன்னும் ஒரு முடிச்சு. 2013 சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் நிலக்கரிப் பகுதிகளுக்கான 1957ஆம் ஆண்டுச் சட்டமும், எண்ணெய்க் குழாய்களுக்கான 1962ஆம் ஆண்டுச் சட்டமும் அதிலிருந்து விலக்கு பெற்றவை. தொழில் தேவைக்காக நிலம் எடுக்கும் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தையும் மாநில அரசு அதிலிருந்து விலக்கி வைத்தது. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2013 சட்டப்படி. ஊரைக் கேட்க வேண்டும் என்ற பகுதி கழன்றுவிட்டது.

குழாய்ச் சட்டம் அதைவிடக் கடுமையானது. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. இதற்குச் சட்டம் தரும் ஈடு, நிலத்தின் சந்தை மதிப்பில் வெறும் 10 விழுக்காடு.

பணம் எங்கே போகிறது?

மூன்று வழிகளில் போகிறது. லாபம் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு, என்.எல்.சி.யில் பெரும்பான்மைப் பங்கு மத்திய அரசுக்கு. 2013இல் மத்திய அரசு பங்கு விற்க முனைந்தபோது 3.56 விழுக்காட்டைத் தமிழ்நாடு அரசு நிறுவனங்கள் வாங்கின. இரண்டாவது ராயல்டி, அதாவது எடுக்கும் கனிமத்துக்கு நிறுவனம் செலுத்தும் உரிமைத் தொகை; நிலப்பரப்பில் எடுக்கப்படும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவுக்கு அது மாநில அரசுக்கு வருகிறது. கடலுக்கு அடியில் எடுத்தால் மத்திய அரசுக்கு.

மூன்றாவதுதான் ஊருக்கு நேரடியாக வர வேண்டியது: மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி. 2015 சட்டத் திருத்தத்தின்படி, சுரங்க நிறுவனங்கள் ராயல்டிக்கு மேல் அதில் 10 அல்லது 30 விழுக்காட்டைக் குத்தகை பெற்ற காலத்தைப் பொறுத்து இந்த நிதிக்குச் செலுத்த வேண்டும். குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கே முதலிடம். நல்ல ஏற்பாடு. ஆனால் எண்ணெயும் எரிவாயுவும் வேறொரு சட்டத்தின் கீழ் வருவதால் அவை இதில் சேரவில்லை. நிலக்கரி எடுக்கும் கடலூர் மாவட்டத்து ஊருக்குச் சட்டப்படி ஒரு நிதி உண்டு. எண்ணெய்க் கிணற்றின் பக்கத்திலேயே வாழும் திருவாரூர், நாகை ஊர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

வரி விதிக்கும் உரிமையிலும் தமிழ்நாடு நீண்ட காலம் முடக்கப்பட்டிருந்தது. ராயல்டியின் மீது உள்ளாட்சித் தீர்வை வசூலித்ததை 1989இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 35 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பின் அடிப்படை தவறு என்றது. ராயல்டி வரி அல்ல, கனிம நிலங்களுக்கு மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. தமிழ்நாடும் தனிச் சட்டம் இயற்றி 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அந்த வரியில் ஒரு பங்கு கனிமம் எடுக்கும் ஊராட்சிக்கே திரும்ப வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. 1989இல் பறிபோனது உள்ளாட்சியின் வருவாய்தான்.

சுரங்கம் மூடிய பிறகு

கனிமம் ஒருமுறை எடுத்தால் தீர்ந்தது. அதில் வரும் பணத்தை அன்றாடச் செலவுக்கே கரைப்பது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்குச் சமம். நார்வே இதை முன்கூட்டியே உணர்ந்தது. 1969இல் வட கடலில் பெரும் எண்ணெய் வயல் கிடைத்த அந்நாடு, 1990இல் வருங்காலத் தலைமுறைக்கென நிதி ஒன்றைச் சட்டமாக்கியது. முதலை அப்படியே வைத்து, அதிலிருந்து எதிர்பார்க்கும் வருமான அளவுக்குத்தான் ஆண்டுதோறும் எடுக்கிறது. இன்று உலகின் மிகப் பெரிய அரசு முதலீட்டு நிதிகளில் ஒன்று அது.

நெய்வேலிக்கு இந்தக் கேள்வி தொலைவில் இல்லை. 1962இல் மின்சாரம் தந்த முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டுவிட்டது. 2070க்குள் நிகரக் கரிம உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று இந்தியா உலகின் முன் உறுதி அளித்திருக்கிறது. ஒருநாள் நிலக்கரி நிற்கும். அப்போது அந்தப் பள்ளங்களும் மண்மேடுகளும் கடலூர் மாவட்டத்துக்குத்தான் மிஞ்சும். நிலத்தை மீண்டும் விளைநிலமாக்கவும், இளைஞர்களுக்கு வேறு தொழில் கற்றுத்தரவும் இப்போதே பணம் ஒதுக்கத் தொடங்கவில்லை என்றால், நிலக்கரி தீரும் நாளில் ஊரின் கையிலும் எதுவும் இருக்காது.

இனி செய்ய வேண்டியவை

முதலில், எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஊர்களுக்கும் கனிம அறக்கட்டளை நிதி போன்ற ஓர் ஏற்பாட்டைச் சட்டமாக்க வேண்டும். இரண்டாவது, எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தாலும் சமூகத் தாக்க மதிப்பீடும் கிராம சபையின் கருத்தும் கட்டாயம் என்று ஆக வேண்டும். மூன்றாவது, இழப்பீடு நிலத்தோடு நின்றுவிடாமல் நீரை இழந்தவரையும் கூலியை இழந்தவரையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இவை அரசுகளின் வேலை. மக்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கனிம அறக்கட்டளை தன் வரவு செலவையும் பணிகளையும் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்பது விதி. சுரங்கம் உள்ள மாவட்டங்களில் வாழும் வாசகர்கள் அடுத்த கிராம சபையில் எழுந்து, எங்கள் ஊருக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நிலம் கொடுத்த ஊருக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை முழுதாக உண்டு.