லீவர் ரைஃபிளும் வீட்டுப் பட்டறையும்

அமெரிக்காவின் மேற்குப் பகுதி வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகங்களில் 19ஆம் நூற்றாண்டு வின்செஸ்டர் ரைஃபிள்கள் சிலவற்றைக் காணலாம். அவற்றின் மரக்கட்டையில் பித்தளைக் குமிழாணிகள் வரிசை வரிசையாக அறையப்பட்டிருக்கும். லக்கோட்டா, ஷயான் போன்ற சமவெளிப் பழங்குடி மக்கள் தங்கள் கைக்கு வந்த துப்பாக்கியை இப்படித்தான் அலங்கரித்தார்கள். கட்டையில் விரிசல் விட்டால், ஈரமான பச்சைத் தோலை அதன்மேல் இறுகச் சுற்றித் தைத்தார்கள். காயும்போது தோல் சுருங்கி விரிசலை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்யப்பட்ட பொருள், இந்த வேலைப்பாட்டுக்குப் பிறகு ஒரு தனி மனிதருடையதாக மாறியது.

1939இல் வெளிவந்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் ஜான் வெய்ன் ஒரு கையால் ரைஃபிளைச் சுழற்றித் தோட்டா ஏற்றும் காட்சி உலகப் புகழ் பெற்றது. கை தடையில்லாமல் சுழல்வதற்காக அந்த 1892 மாதிரி வின்செஸ்டரின் நெம்புகோல் வளையத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். இன்று பெரிய வளையம் பொருத்திய ரைஃபிள்களைத் தொழிற்சாலைகளே விற்கின்றன. கம்பளிக் கையுறை போட்ட விரல்கள் பனிக்காலத்தில் உள்ளே எளிதாக நுழையும் என்பதால் வேட்டைக்காரர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று.

லீவர் ரைஃபிள் வாங்கும் அமெரிக்கர்களில் பலர் அதை வாங்கிய நிலையிலேயே வைத்திருப்பதில்லை. ரெடிமேட் சட்டையை வாங்கியதும் தையல்காரரிடம் கொடுத்து உடம்புக்கேற்பப் பிடித்துக்கொள்வதைப் போன்றதுதான் இது. தொழிற்சாலை யாரோ ஒரு சராசரி மனிதரின் தோளையும் கையையும் கண்ணையும் அளவாகக் கொண்டு ரைஃபிளைச் செய்கிறது. வாங்கியவர் அதைத் தன் உடம்புக்கும் தன் காட்டுக்கும் பொருத்திக்கொள்கிறார். அதில் எந்த வேலையை வீட்டு மேசையில் செய்யலாம், எதைப் பயிற்சி பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் விட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் புரிய வேண்டும்.

விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கிறது. நான்கு விரல்களில் மூன்று அதற்குள் நுழையும். அதுதான் லீவர் எனப்படும் நெம்புகோல். அதை முன்னோக்கித் தள்ளினால் பூட்டுக்கட்டை கீழே இறங்கி போல்ட்டை விடுவிக்கிறது. போல்ட் பின்னால் வரும்போது வெடித்து முடிந்த தோட்டாவின் வெற்றுக்கூட்டைக் கொக்கி இழுத்து வெளியே தள்ளுகிறது. சுத்தியலும் பின்னால் சாய்ந்து தயார் நிலைக்கு வருகிறது. குழலுக்கு அடியில் இருக்கும் நீண்ட குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும் தோட்டாக்களில் ஒன்று தூக்கியின் மேல் வந்து அமர்கிறது. நெம்புகோலை மீண்டும் மூடும்போது அந்தத் தோட்டா மேலே எழும்பி, போல்ட்டால் அறைக்குள் தள்ளப்பட்டு, பூட்டிக்கொள்கிறது. ஒரே ஓர் அசைவில் இத்தனையும் நடந்துவிடும்.

இந்த ஏற்பாட்டை வெற்றிகரமாக்கியவர் பெஞ்சமின் டைலர் ஹென்றி. 1860இல் அவர் காப்புரிமை பெற்ற ரைஃபிளில் 16 தோட்டாக்கள் அடங்கின. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரும்பாலான வீரர்கள் குழலின் வாய் வழியே ஒவ்வொரு முறையும் மருந்தும் குண்டும் இடித்துச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1866இல் நெல்சன் கிங் பக்கவாட்டில் ஒரு சிறு கதவு வைத்து, அதன் வழியே தோட்டா நிரப்பும் வழியைக் கொண்டுவந்தார். ஆலிவர் வின்செஸ்டரின் நிறுவனம் அதைத் தன் முதல் ரைஃபிளில் பயன்படுத்தியது. ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்த 1894 மாதிரியும், அதற்காக 1895இல் வந்த புகையில்லா மருந்துத் தோட்டாவான 30-30உம் மான் வேட்டையின் அடையாளமாகவே ஆகிவிட்டன. அந்த ஒரு மாதிரி மட்டும் 70 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது.

அதே தோட்டாவைச் சுடும் இன்னொரு புகழ்பெற்ற ரைஃபிள் மார்லின் 336. 1948இல் அறிமுகமானது. மார்லின் நிறுவனம் கைமாறி, 2020இல் ரூகர் நிறுவனத்தால் வாங்கப்பட்டு, இப்போது வட கரோலினாவின் மேயோடன் ஆலையில் மீண்டும் தயாராகிறது. வீட்டில் வேலை பழகத் தொடங்குபவருக்கு இது நல்ல மாதிரி. நெம்புகோலைத் தாங்கும் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் போதும். நெம்புகோல் கையோடு வந்துவிடும், போல்ட் பின்னால் உருவிக்கொண்டு வரும். குழலைப் பின்பக்கத்திலிருந்தே துடைக்கலாம். 1894 மாதிரியான வின்செஸ்டர் 94ஐ முழுதாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை தெரியும்.

வேலை தொடங்குமுன் தோட்டாக் குழாயும் தோட்டா அறையும் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவியும் உறுதிசெய்ய வேண்டும். வேலை நடக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. இது எல்லாத் துப்பாக்கிப் பட்டறைகளிலும் முதல் விதி.

அடுத்தது ஸ்க்ரூடிரைவர். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு போலச் சரிந்திருக்கும். அழுத்தித் திருகினால் அது பள்ளத்திலிருந்து வழுக்கி மேலேறி, திருகாணியின் தலையைக் கிழித்துவிடும். துப்பாக்கி வேலைக்கான முனைகள் இருபக்கமும் இணையாக, பள்ளத்தின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும்படி தீட்டப்பட்டவை. புது ரைஃபிளில் விழும் முதல் அசிங்கமான கீறல் பெரும்பாலும் இந்தச் சிறு செலவைத் தவிர்த்ததால் வருவதுதான். திருகாணி அதிர்ச்சியில் தளராமலிருக்கப் பூசும் பசையிலும் கவனம் தேவை. நீல வகையைக் கைக்கருவியால் கழற்றலாம். சிவப்பு வகை சூடுபடுத்தினால்தான் விடும்.

பலரும் முதலில் மாற்றுவது குறிபார்க்க உதவும் பின்குறியைத்தான். மார்லினும் வின்செஸ்டரும் காலங்காலமாக மான்கொம்பு வடிவப் பின்குறியை வைத்து விற்றுவருகின்றன. இரண்டு கொம்புகளும் எழும்பி நின்று இலக்கின் ஒரு பகுதியை மறைக்கும். வயதான கண்ணுக்குப் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்ப்பது கடினம். இதற்குத் தீர்வு கண்ணுக்கு அருகே வைக்கும் துளைக்குறி. வட்டத் துளை வழியே பார்க்கும்போது கண் தானாகவே முன்குறியை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. துளையின் விளிம்பை உற்றுப் பார்க்கவே வேண்டாம். கனெக்டிகட்டின் வில்லியம் லைமன் 1879இல் இப்படிப்பட்ட குறிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரில் நடக்கும் நிறுவனம் இன்றும் குறிகள் விற்கிறது.

துளைக்குறி பொருத்தினால் சில சமயம் குண்டு இலக்குக்கு மேலே விழும். அப்போது முன்குறியை உயர்த்த வேண்டும். எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், கணக்கு எளிது. குண்டு விலகிய அளவை இரு குறிகளுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். 100 கஜம் என்பது 3,600 அங்குலம். குறிகளுக்கு இடையே 24 அங்குலம், குண்டு 6 அங்குலம் மேலே விழுகிறது என்றால், முன்குறி 0.04 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் உயர்ந்தால் போதும்.

தொலைநோக்கிக் குறி வேண்டுமென்பவர்களுக்கும் மார்லின் வசதியானது. 1889 மாதிரியிலிருந்தே அதன் மேற்பகுதி மூடிய எஃகு. வெற்றுக்கூடு பக்கவாட்டில் வெளியேறும். பழைய வின்செஸ்டர் 94இல் கூடு நேர் மேலே எகிறும் என்பதால், தொலைநோக்கிக் குறியை நடுவில் வைக்க இடமில்லை. 1980களில் கூட்டைச் சாய்வாக வெளியேற்றும்படி வின்செஸ்டர் மாற்றம் செய்ததற்கு இதுவே காரணம்.

மரவேலை நேரம் பிடிக்கும், ஆனால் நிறைவு தருவது. 336இன் கட்டை அமெரிக்கக் கறுப்பு வால்நட் மரம். எடைக்கு மிஞ்சிய வலு உள்ளது, ஈரத்தில் எளிதில் கோணாதது. தொழிற்சாலைப் பூச்சை நீக்கி, மர ரேகையின் போக்கிலேயே உப்புத்தாள் தேய்க்க வேண்டும். பிறகு ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் நார்கள் மயிர்போல் எழும்பும். காய்ந்ததும் நுண்ணிய தாளால் அவற்றைத் தேய்த்தெடுக்க வேண்டும். நார் எழும்புவது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்தால், பின்னர் மழையில் நனைந்தாலும் கட்டை சொரசொரப்பாகாது. இரும்பும் மரமும் சேரும் விளிம்பில் மட்டும் தேய்க்கவே கூடாது. அங்கே சற்றுக் குறைந்தாலும் மரம் இரும்பைவிடத் தாழ்ந்து பள்ளமாகத் தெரியும். மார்லின் கட்டையின் அடிப்பக்கம் பதித்திருக்கும் சிறு வட்டச் சின்னத்தையும் காப்பாற்ற வேண்டும்.

அதன்மேல் ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய். கடையில் ‘காய்ச்சியது’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கும். உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். தடிமனாக ஒரே பூச்சு பூசினால் பிசுபிசுப்பு போகவே போகாது. இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானே தீப்பிடிக்கலாம். திறந்தவெளியில் விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

கட்டையின் நீளமும் முக்கியம். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை பெரும்பாலான ரைஃபிள்களில் 13 முதல் 14 அங்குலம். உயரமானவர் ரப்பர் அட்டை சேர்த்து நீட்டிக்கொள்கிறார். தடித்த குளிர்கோட்டு அணிந்து வேட்டைக்குப் போகிறவருக்குச் சற்றுக் குட்டையாக இருப்பதே வசதி. 30-30இன் உதை மிதமானது. 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்து, இன்றும் மார்லின் 1895 மாதிரியில் சுடப்படும் 45-70 தோட்டா தோளைப் பலமாக இடிக்கும்; அதற்கு ரப்பர் அட்டை கட்டாயத் தேவை.

நெம்புகோல் வளையத்தில் தோல்வார் சுற்றுவது பழைய வழக்கம். விறைத்த குளிரில் இரும்பு விரலைக் கடிக்காது, வேகமாக இயக்கும்போது முட்டி தேயாது. கட்டையின் பக்கத்தில் தோட்டாக்கள் செருகும் தோல் உறையும் பலருக்குப் பிடிக்கும். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதன் பதனச் சத்து இரும்பில் துருவையும், பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பையும் உண்டாக்கும். மழையில் நனைந்து வீடு திரும்பினால் தோலை அவிழ்த்து, இரும்பைத் துடைத்து எண்ணெய் பூசியே வைக்க வேண்டும்.

இனி எல்லைக்கோட்டுக்கு வருவோம். புது லீவர் ரைஃபிளின் அசைவு கரடுமுரடாக இருந்தால் பெரும்பாலும் காரணம் உட்பகுதிகளில் எந்திரம் விட்டுச்சென்ற சிறு பிசிறுகள். நன்றாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் விட்டு, காலி ரைஃபிளின் நெம்புகோலைச் சில நூறு தடவை திறந்து மூடினாலே அது கணிசமாக வழவழப்பாகும். அதற்கு மேல் சுத்தியலும் விசையும் ஒன்றையொன்று பற்றும் விளிம்பில் வீட்டில் யாரும் அரம் வைக்கக் கூடாது. கண்ணுக்கே தெரியாத அந்தச் சிறு பிடிமானம் குறைந்தால், ரைஃபிள் கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே சுத்தியல் நழுவித் தோட்டா வெடிக்கலாம். மார்லினில் நெம்புகோல் முழுதாக மூடினால் மட்டுமே விசை இயங்கும்படி ஒரு தடுப்பு இருக்கிறது. பூட்டுக்கட்டை மேலேறினால் மட்டுமே இரு துண்டாக உள்ள சுடுமுள் நேர்கோட்டில் வரும். இவை உயிரைக் காக்கும் ஏற்பாடுகள். 1958இல் தொடங்கிய ‘தி ரைஃபிள்மேன்’ தொலைக்காட்சித் தொடரில் நெம்புகோலை மூடியதுமே ரைஃபிள் சுடும். அது வெற்றுத் தோட்டா வைத்துப் படத்துக்காகச் செய்த ஏற்பாடு. வீட்டில் யாருக்கும் முன்மாதிரியாகாது.

குழலின் நீளத்தில் கைவைப்பதும் அப்படியே. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுத் தேசிய ஆயுதச் சட்டப்படி, முன்கூட்டிப் பதிவு செய்து அனுமதி பெறாமல் ரைஃபிள் குழலை 16 அங்குலத்துக்கும், மொத்த நீளத்தை 26 அங்குலத்துக்கும் கீழே குறைப்பது கடுமையான கூட்டாட்சிக் குற்றம்.

தோட்டாத் தேர்விலும் மாற்றம் செய்ய எண்ணுபவர் குழாயின் இயல்பை மறக்கக் கூடாது. அதற்குள் ஒரு தோட்டாவின் முனை, முன்னிருக்கும் தோட்டாவின் வெடிமுகத்தைத் தொட்டபடி படுத்திருக்கிறது. கூர்முனைக் குண்டு வைத்தால், உதையின் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே தோட்டா வெடிக்க வாய்ப்புண்டு. லீவர் ரைஃபிள் தோட்டாக்கள் தட்டையான முனையோடு இருப்பது இதனால்தான். வளையும் மென்முனை கொண்ட கூர்க்குண்டுகளை 2000களில் ஹோர்னடி நிறுவனம் கொண்டுவந்த பிறகே அந்தத் தடை ஓரளவு நீங்கியது.

மாற்றங்கள் முடிந்ததும் நேரே சுடப் போகக் கூடாது. மருந்தில்லாப் போலித் தோட்டாக்களை நிரப்பி, அவை சீராக ஏறி வெளியேறுகின்றனவா, சுத்தியல் பாதி சாய்ந்த பாதுகாப்பு நிலையில் பிடித்து நிற்கிறதா, தடுப்புகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் ரைஃபிளைக் கம்மியரிடம் கொண்டுபோவதே முறை.

இத்தனையும் புதிதாக வாங்கிய ரைஃபிளுக்குத்தான். வின்செஸ்டர் நிறுவனம் 1964இல் செலவைக் குறைக்க உற்பத்தி முறையை மாற்றியது. அதற்கு முந்தைய 94களைச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். அப்படியொன்று தாத்தாவிடமிருந்து வந்திருந்தால், அதன் பூச்சைச் சுரண்டினாலோ புதுத் துளை போட்டாலோ விலையில் பெரும்பகுதி போய்விடும். அதை எண்ணெய் தடவி அப்படியே வைத்திருங்கள். புது ரைஃபிளிலும் கழற்றிய பழைய பின்குறி, திருகாணி, நெம்புகோல் எதையும் எறிந்துவிடாமல் ஒரு பெட்டியில் பெயரெழுதிப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு அதை வாங்குபவர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.