தாய், தந்தையர் சிகிச்சை: கணக்கில் வராத செலவுகள்

புது தில்லி: ஆந்திர மாநிலத்தில் திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் இடையே அமைந்த ஊர் ஏர்பேடு. ஐ.ஐ.டி.யும், ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி நிறுவனமும் வந்த பிறகு இந்தப் பெயர் தில்லியிலும் அடிபடத் தொடங்கியது. ஆனால், வயலையும் அன்றாடக் கூலியையும் நம்பி வாழும் சுற்றுவட்டாரக் குடும்பங்களில் தாயோ தந்தையோ கடும் நோயில் விழுந்துவிட்டால், எங்கே கொண்டு செல்வது, யார் உடன் செல்வது என்பதே முதல் கேள்வி.

எங்கே என்பதற்கு, ஏர்பேடு வழியே செல்லும் கூடூர் - காட்பாடி ரயில் பாதையே விடை சொல்லிவிடும். ரேணிகுண்டாவைக் கடந்தால் திருப்பதி. அங்கே திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவு பெற்ற ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் (ஸ்விம்ஸ்) 1993 முதல் செயல்பட்டு வருகிறது. டாடா அறக்கட்டளையின் உதவியுடன் அமைந்த புற்றுநோய் மருத்துவமனையும் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. பாதை முடியும் காட்பாடியில் இறங்கினால் வேலூர் சி.எம்.சி. பெரிய மருத்துவம் இத்தனை அருகில் வாய்த்த சிற்றூர்கள் நாட்டில் அதிகம் இல்லை.

யார் உடன் செல்வது என்பதற்குத்தான் அரசின் எந்தத் திட்டத்திலும் விடை இல்லை.

ஒரே ஆண்டில் இரண்டு ஏற்பாடுகள்: ஏழைகளுக்குக் கட்டணமின்றி உயர் சிகிச்சை அளிக்கும் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தை, அன்றைய முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி 2007 ஏப்ரல் 1-ம் தேதி மூன்று மாவட்டங்களில் தொடங்கினார். ஆண்டு இறுதியில் சித்தூர் மாவட்டமும் அதில் சேர்ந்தது. அப்போது ஏர்பேடு அம்மாவட்டத்தில்தான் இருந்தது. திருப்பதி தனி மாவட்டமானது 2022-ல். ஆட்சிக்கு ஆட்சி திட்டத்தின் பெயர் மாறியதே தவிர, கைவிட எந்த அரசும் துணியவில்லை. 2023 டிசம்பரில் உச்சவரம்பு ரூ. 25 லட்சமாக உயர்த்தப்பட்டது.

அதே 2007 டிசம்பரில், பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. உணவு, உடை, உறைவிடத்துடன் மருத்துவ சிகிச்சையும் 'பராமரிப்பு' என்பதில் அடங்கும் என்கிறது அச்சட்டம். தவறும் பிள்ளைகள் மாதம் ரூ. 10 ஆயிரம் வரை தரவேண்டும் எனத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். இவ்வாறு அரசு ஒரு கையால் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொண்டு, மறு கையால் பொறுப்பைப் பிள்ளைகள் மீது சுமத்தியது. புறக்கணிக்கும் பிள்ளைகளை மனதில் கொண்டு எழுதப்பட்ட சட்டம் அது. பராமரித்தே கடனாளியாகும் பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

நான்கு மணி நேரமும் ஒரு நாளும்: சிறுநீரகம் செயலிழந்தவரின் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை டயாலிசிஸ் தேவை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, காத்திருந்து, தளர்ந்துபோன தாயைக் கைத்தாங்கலாக வீடு கொண்டுசேர்ப்பதற்குள் மகனின் ஒரு நாள் முழுதும் போய்விடும். மாதத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு நாள் கூலி இல்லை. சிகிச்சை இலவசம்தான். பஸ் கட்டணம், உணவு, வெளியே வாங்கும் மருந்து ஆகியவற்றுக்கு முதலில் கைமாற்று, பிறகு நகைக்கடன்.

இதைத் தில்லி அறியாததல்ல. 2016 பிப்ரவரி 29-ல் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்த நிதியமைச்சர் அருண் ஜேட்லி, ஒருமுறை டயாலிசிஸ் செய்ய ரூ. 2 ஆயிரம் வீதம் ஆண்டுக்கு ரூ. 3 லட்சத்துக்கு மேல் செலவாவதைச் சுட்டிக்காட்டினார். நெடுந்தூரப் பயணச் செலவையும் கூலி இழப்பையும் சேர்த்தே குறிப்பிட்டார். மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி அதன் பின்னர் பெருகியது. கூலி இழப்பு பட்ஜெட் உரையோடு நின்றுவிட்டது.

ஆந்திரம் மட்டும் சற்று முன்னே சென்றது எனலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருப்பவருக்கு நாளொன்றுக்கு ரூ. 225 வீதம், மாதம் ரூ. 5 ஆயிரம் வரை வழங்கும் திட்டத்தை ஜெகன்மோகன் ரெட்டி அரசு 2019 டிசம்பரில் தொடங்கியது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாதம் ரூ. 10 ஆயிரம் ஓய்வூதியமும் கொண்டுவரப்பட்டது. 2024-ல் ஆட்சி மாறிய பிறகும் ஓய்வூதியம் தொடர்ந்தது. ஆனால், இவை யாவும் நோயாளிக்கு உரியவை. உடன் செல்லும் மகனுக்கோ மகளுக்கோ தனியே எதுவும் இல்லை.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, விரிவுபடுத்தப்பட்டது. ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். எனினும், மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பலன். வீடு திரும்பி 15 நாள் ஆன பிறகு மாத்திரைச் செலவு குடும்பத்துடையது.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து தரும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கறிக்கை. வரவேற்கத்தக்க சரிவுதான். இழந்த கூலி அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சலுகைகள் யாருக்கு?: முதிய பெற்றோரின் கடும் நோய்ச் சிகிச்சைக்கு ரூ. 1 லட்சம் வரை வருமான வரிக் கழிவு உண்டு. அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும். வயதான பெற்றோரைக் கவனிக்க மத்திய அரசு ஊழியர்கள் ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பைப் பயன்படுத்தலாம் என்று மாநிலங்களவையில் 2025 ஜூலையில் அமைச்சர் ஜிதேந்திர சிங் தெரிவித்தார். வரி கட்டும் அளவுக்கு வருமானமோ, ஈட்டிய விடுப்போ இல்லாத விவசாயக் கூலிக்கு இவற்றால் பயனில்லை.

பராமரிப்புத் தொகைக்கான ரூ. 10 ஆயிரம் உச்சவரம்பை நீக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்று திரும்பிய அம்மசோதா, 2024-ல் அவையின் பதவிக்காலம் முடிந்ததும் காலாவதியானது. பிள்ளைகள் எவ்வளவு தரவேண்டும் என்பதே அம்மசோதாவின் அக்கறை. அவர்களுக்கு என்ன தருவது என்ற பேச்சு அதிலும் இடம்பெறவில்லை.