செல்போனுக்கு ஒரு விசைப்பலகை: கடைக் கணக்குக்கு உதவுமா?

வணிகப் பெருமக்களுக்கு இன்று செல்போன் வெறும் பேசும் கருவி அல்ல. ஆர்டர் எடுப்பது, பில் போடுவது, பாக்கிக் கணக்குப் பார்ப்பது, மொத்த வியாபாரிக்குச் சரக்குப் பட்டியல் அனுப்புவது ஆகிய அனைத்தும் அதிலேயே நடக்கின்றன. ஆயினும் நம்மில் பலர் இரவு கடை அடைத்த பிறகும் கட்டைவிரலால் அந்தச் சிறு திரையில் எண்களைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு சைபர் கூடினாலும் குறைந்தாலும் நஷ்டம் நம்முடையதே. இந்தச் சிரமத்தைக் குறைக்கும் ஒரு சிறு சாதனம் செல்போனுடன் கம்பியின்றி இணையும் விசைப்பலகை, அதாவது ஒயர்லெஸ் கீபோர்டு. கணிப்பொறி வாங்கும் செலவில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். இதனை யார் வாங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் காண்போம்.

இது புதிய தேவை அல்ல

1996இல் அமெரிக்காவில் 'பாம் பைலட்' என்ற கையடக்கக் கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. சட்டைப்பையில் அடங்கும் அக்கருவியில் சிறு குச்சியால் ஒவ்வோர் எழுத்தாக எழுத வேண்டும். முகவரி குறிக்க அது போதும். நீண்ட பட்டியலுக்குப் போதாது. எனவே 1999இல் அதற்கென மடக்கு விசைப்பலகை வந்தது. கருவியை அதன் மேல் செருகித் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு கருவிக்குச் செய்தது மற்றொன்றுக்குப் பொருந்தாது.

இந்தக் குறையைப் போக்கியது புளூடூத். எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998இல் கூடி இந்தக் கம்பியில்லா இணைப்புக்குப் பொதுவிதி வகுக்கத் தொடங்கின. முத்திரையிட்ட எடைக்கல்லை யார் வார்த்தாலும் ஒரு கிலோ ஒரு கிலோதான் அல்லவா? அதுபோல, இன்று ஒரு நிறுவனத்தின் கீபோர்டு இன்னொரு நிறுவனத்தின் போனுடன் இணைகிறது. சுமார் 10 மீட்டர் தூரம் வரை வேலை செய்யும்.

எங்கே பயன்படும்?

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். வாடிக்கையாளர் கடையின் ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம் கொண்டது. முதலில் மாநில எண் (தமிழ்நாட்டுக்கு 33). அடுத்த 10 இலக்கம் பான் எண். அதில் 5 எழுத்து, 4 எண், மீண்டும் ஓர் எழுத்து. பிறகு பதிவு வரிசை எண், 'இசட்' எழுத்து, இறுதியில் சரிபார்ப்பு இலக்கம். பல செல்போன்களின் திரையில் எழுத்துக்கு ஒரு பலகை, எண்ணுக்கு ஒரு பலகை. ஆகவே இந்த ஒரே எண்ணை அடிக்க ஐந்தாறு முறை பலகையை மாற்ற வேண்டியுள்ளது. சைபரும் 'ஓ' எழுத்தும் மாறிப்போவது இங்கேதான். தனி விசைப்பலகையில் எண்களும் எழுத்துகளும் ஒருசேரக் கண்முன் இருக்கின்றன.

இது சிறு விஷயம் அன்று. 2022 ஜனவரி முதல், விற்றவர் தாக்கல் செய்து வாங்கியவரின் 2பி பட்டியலில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க இயலாது. எண் தவறினால் வாடிக்கையாளருக்கு வரவு கிடைக்காது. அவர் நமது பாக்கியை நிறுத்தி வைப்பார். திருத்த வழி உண்டு எனினும், அதுவரை முடங்குவது நமது முதல்.

யாருக்கு வேண்டாம்?

கல்லாவில் நின்று ஐந்தாறு சாமான்களுக்குப் பில் போடும் சில்லறைக் கடைக்கு இது அவசியமில்லை. அங்கே விரலால் தொடுவதே விரைவு. தினமும் நாற்பது, ஐம்பது வரி பதிவு செய்பவர்கள், விலைப்பட்டியல் தயாரிப்பவர்கள், ஊர் ஊராகச் சென்று ஆர்டர் எடுக்கும் மொத்த வியாபாரிகள் ஆகியோருக்கே இது கைகொடுக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. பெட்டியில் 'புளூடூத்' என்று உள்ளதா எனப் பாருங்கள். 'ஒயர்லெஸ்' என்று மட்டும் இருந்தால் அது ஒரு சிறு யு.எஸ்.பி. துண்டைச் செருகி இயங்கும் வகையாக இருக்கலாம். அதைப் போனில் மாட்டத் தனி இணைப்பான் தேவைப்படும்.

2. மடக்கு வகை பையில் அடங்கும். ஆனால் விசைகள் நெருக்கமாக இருக்கும். மேசைக் கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சுமார் 19 மில்லிமீட்டர். பெரிய விரல் உள்ளவர்கள் அடித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

3. எண் மட்டுமே அதிகம் அடிப்பவர்கள் வலப்பக்கம் எண் பகுதி உள்ளதை வாங்கலாம். அல்லது எண் பலகை மட்டும் தனியே கிடைக்கிறது.

4. தமிழில் அடிப்பவர்கள் தமது போனையே எடுத்துச் சென்று சோதிக்க வேண்டும். திரையில் தமிழ் வருவதாலேயே வெளிக் கீபோர்டிலும் தமிழ் வரும் என்பதில்லை. அமைப்பில் தனியே தேர்வு செய்ய வேண்டியிருக்கும். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற 'தமிழ்99' முறையில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் உள்ளன. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என அடித்தால் புள்ளி தானே விழும். சில நாள் பழகினால் கைவந்துவிடும்.

5. மாவு, பருப்புத் தூசி, எண்ணெய் ஆகியவை விசைகளைக் கெடுக்கும். மேலே ரப்பர் உறை போட்டுக்கொள்வது நல்லது.

ஸ்கேனரும் ஒரு கீபோர்டே

பார்கோடு படிக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் பலவற்றைப் போன் ஒரு கீபோர்டாகவே கருதுகிறது. கோடுகளைப் படித்து, அந்த 13 எண்களையும் நாம் அடித்தது போலவே அனுப்புகிறது. எனவே அதை இணைத்ததும் திரையில் எழுத்துப் பலகை மறைந்துபோனால் போன் பழுது என்று அஞ்ச வேண்டாம். அமைப்பில் 'திரைப் பலகையைக் காட்டு' என்பதை இயக்கினால் ஆண்ட்ராய்டு போனில் அது திரும்ப வரும்.

பாதுகாப்பு

2016இல் அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவன ஆய்வாளர்கள், எட்டு நிறுவனங்களின் மலிவு விலை ஒயர்லெஸ் கீபோர்டுகள் அடிக்கும் எழுத்துகளை மறைக்குறியின்றி அப்படியே காற்றில் அனுப்புவதாகக் கண்டறிந்தனர். தூரத்திலிருந்தே ஒருவர் அவற்றைப் படிக்க முடிந்தது. அவை யு.எஸ்.பி. துண்டு வகையைச் சேர்ந்தவை, புளூடூத் அல்ல. ஆயினும் 2023 டிசம்பரில் புளூடூத் கீபோர்டு இணைப்பிலும் ஒரு குறை வெளியாயிற்று. அதற்கான திருத்தம் போன் அப்டேட்டில் வந்தது. ஆகவே அப்டேட் கிடைக்காத மிகப் பழைய போனில் வங்கிக் கணக்கையும் கடைக் கணக்கையும் வைத்திருப்பது நன்றன்று. முதன்முறை இணைக்கும்போது பெரும்பாலும் போனில் ஆறிலக்க எண் தோன்றும். அதைக் கீபோர்டில் அடித்து உறுதி செய்ய வேண்டும். நாம் கேட்காமலே இணைப்புக் கோரிக்கை வந்தால் மறுத்துவிடுங்கள். வங்கிக் கடவுச்சொல், பின் நம்பர் ஆகியவற்றைப் போன் திரையிலேயே அடிப்பது உத்தமம்.

முடிவாக ஒன்று. கீபோர்டு கணக்கு எழுதித் தராது. எழுதும் கையின் சிரமத்தை மட்டுமே குறைக்கும். ஆனால், சிரமம் என்று நாளைக்குத் தள்ளிவைத்த கணக்கில்தான் பாக்கி மறந்துபோகிறது, வரித் தவறும் நேர்கிறது. அன்றன்றைய கணக்கை அன்றன்றே முடிக்கும் பழக்கமே வணிகருக்குக் காப்பு. அதற்கு இச்சாதனம் துணைபுரியுமானால், அது நியாயமான செலவே.