ஊரை மேலே இருந்து பாருங்க: தண்ணீர் போகும் வழி தெரியும்

சென்னையை உயரத்தில் இருந்து பார்க்கணும்னா, பெரிய ஹோட்டலின் மாடிக்குத்தான் போகணும் என்று நினைக்கிறீர்களா? தேவையே இல்லை. மின்சார ரயில் டிக்கெட் எடுக்கும் காசு போதும். சில இடங்களுக்கு அதுகூட வேண்டாம்.

இது வெறும் செல்ஃபிக்காக இல்லை. சென்னை தட்டையான ஊர். கடல் மட்டத்தில் இருந்து சில மீட்டர் உயரத்தில்தான் நகரின் பெரும்பகுதி இருக்கிறது. அதனால் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது தரையில் நிற்கும் நமக்குத் தெரிவதில்லை. கொஞ்சம் மேலே ஏறினால் ஆறு எங்கே வளைகிறது, கால்வாய் எங்கே ஒடுங்குகிறது, நம் வீடு அதற்கு எவ்வளவு பக்கம் என்பதெல்லாம் புரியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டிய காட்சி இது.

மெரினா கலங்கரை விளக்கம்

சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட இந்தக் கோபுரம் 1977 முதல் இயங்குகிறது. பல ஆண்டுகள் பொதுமக்களை அனுமதிக்காமல் இருந்து, 2013-ல் மீண்டும் திறந்தார்கள். லிஃப்ட் இருப்பதால் பெரியவர்களையும் கூட்டிப் போகலாம். கட்டணம் குறைவுதான். திங்கட்கிழமை விடுமுறை.

மேலே போனதும் கடலை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். வடக்கே கூவமும் தெற்கே அடையாறும் கடலில் சேரும் பக்கங்களைப் பாருங்கள். இந்த முகத்துவாரங்களில் மணல் அடைத்துக்கொண்டால் வெள்ளம் வடிய நேரமாகும். மழைக்கு முன் அங்கே தூர் வாருவது இதனால்தான்.

பரங்கிமலை

ஏறக்குறைய 300 அடி உயரம். படிக்கட்டும் உண்டு, வண்டி போகும் சாலையும் உண்டு. பறங்கிமலை என்றும் எழுதுவார்கள். மின்சார ரயில், மெட்ரோ இரண்டுக்குமே இதே பெயரில் நிலையம் இருக்கிறது. இந்தியாவையே அளந்த மாபெரும் முக்கோண அளவைப் பணிக்கு, 1802-ல் வில்லியம் லாம்ப்டன் இந்த மலையின் அருகில் இருந்துதான் முதல் அடிக்கோட்டை அளந்தார்.

மேலே நின்றால் விமானம் இறங்குவது அருமையாகத் தெரியும். அந்த விமான நிலையத்தை ஒட்டித்தான் அடையாறு ஓடுகிறது. இரண்டாவது ஓடுபாதையை ஆற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டியிருக்கிறார்கள். 2015 டிசம்பரில் ஆறு பெருகியபோது ஓடுபாதை மூழ்கி, விமான நிலையத்தைச் சில நாட்கள் மூட வேண்டியிருந்தது. ஆறும் ஓடுபாதையும் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தால் காரணம் தானாகப் புரியும்.

பறக்கும் ரயில்

தினமும் போகிறவர்களே கவனிக்காத உயரம் இது. கடற்கரையில் இருந்து வேளச்சேரி வரை ஜன்னல் ஓரம் உட்காருங்கள். வழியில் பல இடங்களில் கீழே தெரிவது பக்கிங்காம் கால்வாய். ரயில் பாதையின் தூண்கள் பல கால்வாயிலேயே நிற்பதைப் பார்க்கலாம். பசுமைவழிச் சாலைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவே ரயில் அடையாற்றைக் கடக்கும். அங்கே இரண்டு பக்கமும் பாருங்கள். டிக்கெட்டை ‘சென்னை ஒன்’ செயலியிலேயே எடுக்கலாம்.

வெளியூர்க்காரரா?

திருச்சிக்காரர்களுக்கு மலைக்கோட்டை இருக்கிறது. 83 மீட்டர் உயரம், நானூறுக்கும் மேற்பட்ட படிகள். உச்சிப் பிள்ளையார் கோயிலில் இருந்து பார்த்தால் காவிரி, ஸ்ரீரங்கம் தீவு, அதற்கு அப்பால் கொள்ளிடம் எல்லாம் வரிசையாகத் தெரியும். வெள்ள காலத்தில் உபரி நீரைக் கொள்ளிடத்தில் ஏன் திருப்பி விடுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. திண்டுக்கல், நாமக்கல் கோட்டைகளில் இருந்தும் ஊர் முழுவதையும் பார்க்கலாம்.

போனை எப்படிப் பயன்படுத்துவது?

1. லொக்கேஷனை ஆன் செய்துவிட்டுப் படம் எடுங்கள். பிறகு வரைபடத்தோடு ஒப்பிட்டு உங்கள் தெருவைக் கண்டுபிடியுங்கள்.

2. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களும் இருக்கின்றன. உங்கள் பகுதி ஏரி அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று பாருங்கள். மனை வாங்கப் போகிறவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்யணும்.

3. கால்வாயில் அடைப்போ குப்பையோ கண்ணில் பட்டால், சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணிலோ ‘நம்ம சென்னை’ செயலியிலோ சொல்லுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் முதல்வரின் உதவி மையம் 1100-ஐ அழைக்கலாம். இடத்தைச் சரியாகச் சொல்ல, எடுத்த படம் உதவும்.

இதையெல்லாம் செய்யாதீங்க

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, பாதி கட்டிய கட்டடம், செல்போன் டவர், மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவர் - இவற்றில் ஏற வேண்டாம். அனுமதி இல்லாத இடம் என்பதோடு, பிடிமானமும் கிடையாது. ஓடும் ரயிலின் வாசலில் தொங்கிக்கொண்டு வீடியோ எடுப்பதும் அப்படித்தான். ட்ரோன் வைத்திருப்பவர்கள் முதலில் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தைப் பாருங்கள். விமான நிலையச் சுற்றுவட்டாரத்தில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

காலை வேளையில், மழை பெய்து வானம் தெளிந்த மறுநாள் போனால் தூரம் வரை தெரியும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். "நம்ம வீடு எங்கே?" என்று கேட்பார்கள். அதைக் காட்டியதும், பக்கத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.